டிக் டேல் தொகுப்பை ஆர்கெஸ்ட்ரா மேடைக்குக் கொண்டுவர

அமெரிக்க சர்ஃப் கிட்டாரிஸ்ட் டிக் டேலின் 'மிசிர்லூ' வாசிக்க ஆசைப்படும் கிட்டாரிஸ்ட் முதல் வேலையாக ரிவர்ப் (எதிரொலி) பெடல் விலையைத்தான் விசாரிக்கிறார். அது மூன்றாவது வேலை. முதலில் வலது கை, அடுத்தது கம்பியின் தடிமன், அதற்குப் பிறகுதான் ஸ்பிரிங் வழியே எதிரொலி தரும் ஸ்பிரிங் ரிவர்ப். இந்த வரிசையை மாற்றினால் எவ்வளவு செலவு செய்தாலும் சத்தம் குளறிக்கொண்டு ஓடுமே தவிர அடி விழாது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் போகிற ஆர்கெஸ்ட்ராக்களில் கிட்டார் பிடிப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கச்சேரி தொடங்கும்போது பாட்டில்லாமல் ஒரு கருவி இசை வாசிப்பது பல குழுக்களில் வழக்கம். கடல் அலைச் சறுக்கு விளையாட்டை ஒட்டி அமெரிக்காவில் பிறந்த, இரண்டு, இரண்டரை நிமிடத்தில் முடிகிற சர்ஃப் இசை அந்த இடத்துக்கு அளவெடுத்தது போல இருக்கும். பாடகர் தேவையில்லை. மைக்செட்காரருக்கும் கிட்டார், பேஸ், டிரம் லெவல் பார்க்க நேரம் கிடைக்கும். நம் பக்கம் அலை பார்க்க ஒகேனக்கல்லுக்குத்தான் போகவேண்டும் என்பது வேறு விஷயம். இந்த இசைக்குக் கடல் தேவையில்லை, கை தேவை.

பாடமாக எடுத்துக்கொள்ளச் சிறந்தது, ரைனோ நிறுவனம் 1989-ல் வெளியிட்ட 'கிங் ஆஃப் தி சர்ஃப் கிட்டார்: தி பெஸ்ட் ஆஃப் டிக் டேல் அண்ட் ஹிஸ் டெல்-டோன்ஸ்'. தேடும்போது ஒரு குழப்பம் வரும். 1963-ல் கேபிடல் நிறுவனம் வெளியிட்ட ஆல்பத்தின் பெயரும் 'கிங் ஆஃப் தி சர்ஃப் கிட்டார்'தான். அது தொகுப்பு இல்லை. அதை எடுத்துவிட்டு 'லெட்ஸ் கோ டிரிப்பின்' எங்கே என்று தேடவேண்டாம். பெயரில் 'தி பெஸ்ட் ஆஃப்' இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு குழப்பம் பெரியது. டேல் 1990-களில் மறுபடி மேடைக்கு வந்தபோது கிட்டார், பேஸ், டிரம் என்று மூன்றே பேராகச் சுற்றினார். அந்தக் காலத்துப் பதிவுகளும் இணையத்தில் அதே பாட்டின் பெயரில் கிடக்கின்றன. சத்தம் பெரியது, வேகமும் கூடுதல், கிட்டாரில் கரகரப்பும் அதிகம். படிப்பதற்கு அவை சரிவராது. அடையாளம் சுலபம்: 1962 'மிசிர்லூ'வில் பியானோ இருக்கும், நடுவில் டிரம்பெட் வரும். டிரம்பெட் கேட்கவில்லை என்றால் அது பிற்காலப் பதிவு. தொகுப்புகளில் பொதுவாகவே இந்தத் தொல்லை உண்டு. வெஞ்சர்ஸ் போன்ற குழுக்கள் தங்கள் ஹிட்டுகளைப் பல தடவை மறுபடி பதிவு செய்திருக்கின்றன. மலிவுத் தொகுப்புகளில் அவைதான் வரும். அட்டையில் பதிவு உரிமைக்கான வட்டக் குறியின் (℗) பக்கத்தில் எந்த ஆண்டு, எந்த நிறுவனம் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். டேல் என்றால் டெல்டோன், கேபிடல் என்ற இரண்டு நிறுவனப் பெயரும் 1961 முதல் 1964 வரையிலான ஆண்டுகளும் இருக்கவேண்டும். விதிவிலக்கு ஒன்றுதான்: கிட்டாரிஸ்ட் ஸ்டீவி ரே வானுடன் 1987-ல் வாசித்த 'பைப்லைன்'. அதைத் தனியாகப் பார்ப்போம்.

ஏற்கெனவே தெரிந்த ராகம்

'மிசிர்லூ' கிழக்கு மத்தியதரைக்கடல் பகுதியின் பழைய மெட்டு. 1920-களிலேயே இசைத்தட்டில் வந்துவிட்டது. டேல் பாஸ்டனில் பிறந்தவர். அப்பா வழி லெபனான் குடும்பம். அந்த வழியில் சிறு வயதில் காதில் விழுந்த மெட்டைத்தான் 1962-ல் ஒரே கம்பியில் அதிரடியாக வாசித்தார்.

அந்த மெட்டின் சுரங்கள் நமக்குப் புதிதில்லை. ஈ-யை ஷட்ஜமாக வைத்தால் ஈ, எஃப், ஜி ஷார்ப், ஏ, பி, சி, டி ஷார்ப். சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், சுத்த தைவதம், காகலி நிஷாதம். பதினைந்தாவது மேளம், மாயாமாளவகௌளை. சரளி வரிசை பாடிய எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த வரிசை. கர்நாடக சங்கீதம் கொஞ்சம் படித்துவிட்டு ஆர்கெஸ்ட்ராவுக்கு வந்தவர்களுக்கு இது பெரிய வசதி. வெளிநாட்டு கிட்டார் பாடங்களில் இந்த ஸ்கேலை விரலில் ஏற்றவே தனியாக ஒரு பாடம் நடத்துகிறார்கள். நீங்கள் நேரே கைக்கு வந்துவிடலாம்.

ஆறாவது கம்பியில், அதாவது தடித்த ஈ-யில், இடங்கள் இவை: ஸ திறந்த கம்பி, ரி 1-வது ஃப்ரெட் (கழுத்தின் குறுக்குக் கம்பிக் கட்டம்), க 4, ம 5, ப 7, த 8, நி 11, மேல் ஸ 12. விரல் வைப்பு மூன்று நிலையில் முடிந்துவிடும். முதல் நிலையில் ஆள்காட்டி விரல் 1-ல், சுண்டு விரல் 4-ல். அடுத்து கை நகர்ந்து ஆள்காட்டி விரல் 5-ல் உட்காரும். மோதிர விரல் 7, சுண்டு விரல் 8. மூன்றாவது நகர்வில் ஆள்காட்டி விரல் 9-க்கு நேராக நிற்கும். 11-க்கு மோதிர விரல், 12-க்கு சுண்டு விரல். பலர் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே எல்லாவற்றையும் சறுக்கி வாசிக்கிறார்கள். மெதுவாக வாசிக்கும்போது அது அழகாகத்தான் இருக்கும். வேகத்தில் 1-லிருந்து 4-க்குத் தாவும் இடத்தில் தப்பு சுரம் ஒன்று நடுவே கேட்டுவிடும்.

கமகம் வேண்டாம். ரி-யையும் த-வையும் அசைக்கப் பழகிய கை தானாக அசைக்கும். அசைத்தால் அடியின் கூர்மை போய்விடும். இங்கே ஒவ்வொரு சுரமும் நேராக நிற்கவேண்டும். அசைவு எல்லாம் வலது கையில்.

இதே தொகுப்பில் உள்ள 'ஹவா நகிலா' பக்கத்து வீட்டு ராகம். நிஷாதம் மட்டும் கைசிகி ஆகிவிடும். அது பதினான்காவது மேளம், வகுளாபரணம். 11-வது ஃப்ரெட்டுக்குப் பதில் 10. 'மிசிர்லூ' கைக்கு வந்தபிறகு இதை எடுத்தால் பழைய விரல் பழக்கம் நி-யில் இழுக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்காதீர்கள்.

வலது கை

'மிசிர்லூ'வின் வேகம் நிமிடத்துக்கு 170 அடியை ஒட்டியது. ஒவ்வொரு அடிக்கும் நான்கு தட்டு. கணக்குப் போட்டால் நொடிக்குப் பதினொன்றுக்கு மேல். கீழ், மேல், கீழ், மேல் என்று மாறாமல் போகவேண்டும். இதைத்தான் டபுள் பிக்கிங் என்கிறார்கள். டேல் டிரம்மர் ஜீன் க்ரூபாவைப் பார்த்து வளர்ந்தவர், தரபுக்கா என்ற அரபு தாளக் கருவியைத் தட்டவும் தெரிந்தவர். கிட்டாரைத் தாளக் கருவியாகவே பிடித்தார். பம்பைக்காரர் குச்சி ஓட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவருக்கு இந்தக் கையின் கணக்கு சட்டென்று பிடிபடும். நான்கில் முதல் அடிக்கு மட்டும் எடை, மீதி மூன்றும் அதன் துள்ளலில் போகும்.

படிக்கும் முறை இது. மெட்ரோனோமை 80-ல் வையுங்கள். திறந்த ஆறாவது கம்பியில், அடிக்கு நான்கு தட்டு, இரண்டு நிமிடம் நிற்காமல். முதல் தட்டில் மட்டும் அழுத்தம். தோளும் முழங்கையும் இறுகாமல் இது போகும்போது நான்கு நான்காக ஏற்றுங்கள். 120 தாண்டியதும் சரளி வரிசையை அந்த ஒரு கம்பியிலேயே எடுங்கள்: ஒவ்வொரு சுரத்துக்கும் எட்டுத் தட்டு, பிறகு நான்கு, பிறகு இரண்டு. இரண்டுக்கு வரும்போது இடது கையும் வலது கையும் பிரிந்துவிடும். விரல் மாறுவது கீழ்த் தட்டில்தான் நடக்கவேண்டும் என்று வைத்துக்கொண்டால் மறுபடி சேரும். ஜண்டை வரிசை இதற்குப் பிறகு நல்ல பயிற்சி. ஒரே சுரம் இரண்டு தடவை வருவதால் எந்த இடத்தில் கை முந்துகிறது என்று காது காட்டிக்கொடுத்துவிடும்.

140-ஐ ஒட்டி எல்லோரும் ஒரு சுவரில் முட்டுவார்கள். முன்கை கல் மாதிரி ஆகிவிடும். காரணம், அசைவு மணிக்கட்டை விட்டு முழங்கைக்குப் போய்விட்டது. வேகத்தைக் குறைத்துவிட்டு பிக் (கம்பியைத் தட்டும் வில்லை) பிடித்திருப்பதைப் பாருங்கள். விரலுக்கு வெளியே ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் முனை மட்டும் தெரியவேண்டும். அதற்கு மேல் நீட்டியிருந்தால் கம்பிக்குள் ஆழமாகப் போய் ஒவ்வொரு தட்டிலும் சிக்கும். சிக்கலை மீற முழங்கை உதவிக்கு வரும். பிக் 1 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மெல்லியது வளைந்து திரும்பி வர நேரம் எடுக்கும், அதற்குள் அடுத்த தட்டு வந்துவிடும். கம்பிக்கு நேர்தட்டையாக இல்லாமல் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் சிக்காமல் ஓடும். அதிகம் சாய்த்தால் சுற்றுக் கம்பியை அரம் போல உரசி 'கிரீச்' வரும்.

வீடியோ பார்த்துப் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டேல் இடது கைக்காரர். கம்பி மாற்றிக் கட்டாமல், வலது கைக்காரருக்குக் கட்டிய வரிசையிலேயே தலைகீழாக வைத்து வாசித்தார். அதனால் தடித்த ஈ அவருக்குத் தரைப் பக்கம், கடைசிக் கம்பி. கீழ்த் தட்டு எவ்வளவு பலமாக விழுந்தாலும் தாண்டிப் போகிற இடம் வெறும் காற்று. நமக்கு அந்தக் கம்பி மேலே இருக்கிறது. கீழ்த் தட்டு கொஞ்சம் தாண்டினால் ஐந்தாவது கம்பியில் விழும். அவர் கையின் வீச்சை அப்படியே பார்த்துச் செய்தால் ஏ கம்பி நடுநடுவே அதிர்ந்து மெட்டைக் கெடுக்கும். இதற்கு மருந்து இடது கையில் இருக்கிறது. ஆறாவது கம்பியை அழுத்தும் விரலின் நுனி ஐந்தாவது கம்பியைத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும். மீதி விரல்கள் மற்ற கம்பிகள் மேல் அழுத்தாமல் படுக்கட்டும். திறந்த கம்பியில் ஸ வாசிக்கும்போதும் இடது கை காற்றில் நிற்கக் கூடாது, ஐந்து கம்பியையும் மூடியிருக்கவேண்டும். வலது உள்ளங்கையின் அடிப்பக்கம் பிரிட்ஜை ஒட்டி லேசாகத் தொடட்டும். முழுக்க அடைத்தால் 'டக் டக்' என்றாகிவிடும், விட்டுவிட்டால் குழம்பும்.

கம்பியும் செட்டப்பும்

டேல் கட்டியது 16, 18, 20, 39, 49, 60 என்ற செட் (தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்). இதைப் படித்துவிட்டு அதே தடிமனைத் தேடிப் போகவேண்டாம். அவர் கைக்கும் அவர் கிட்டாருக்கும் அது. கடையில் வாங்கும் ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை கிட்டாரில் பெரும்பாலும் 9–42 செட் இருக்கும். மொத்த இழுவிசை 38 கிலோ அளவு. அதில் பலமாக அடித்தால் தடித்த ஈ அடி விழுந்த கணத்தில் சுருதி மேலேறி இறங்கும், ஃப்ரெட்டில் மோதிக் கடகடக்கும். 11–49 கட்டினால் 53 கிலோ அளவுக்கு வரும். ஆர்கெஸ்ட்ராவில் மற்ற பாட்டுகளுக்கு வளைத்து வாசிக்கவும் வேண்டியிருப்பதால் இதுதான் சமரசம். சர்ஃபுக்கென்றே இரண்டாவது கிட்டார் இருந்தால் 12–52.

தடித்த செட் மாட்டினால் நான்கு இடத்தைச் சரிசெய்யவேண்டும், இல்லாவிட்டால் கிட்டார் கெட்டுவிட்டது என்று தோன்றும். ஒன்று, நட், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் கம்பி உட்காரும் கட்டையின் பள்ளம். கம்பி உட்காராமல் மேலே நிற்கும், அல்லது இறுகிப் பிடித்து டியூன் செய்யும்போது 'டிங்' என்று தாவும். அரத்தால் பக்கவாட்டில் மட்டும் தேயுங்கள். ஆழத்தை ஏற்றினால் திறந்த கம்பி இரையும், நட்டையே மாற்றவேண்டி வரும். இரண்டு, டிரெமோலோ, அதாவது அசையும் பிரிட்ஜ். பின் மூடியைத் திறந்தால் மூன்று ஸ்பிரிங் இருக்கும். தடித்த கம்பி பிரிட்ஜை முன்னால் தூக்கிவிடும். ஐந்து ஸ்பிரிங் போட்டு, கொக்கித் தட்டின் இரண்டு ஸ்குரூவையும் சமமாக உள்ளே திருப்பி பிரிட்ஜைப் படிய வையுங்கள். மூன்று, கழுத்து. முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஆறாவது கம்பியில் அழுத்திப் பிடித்தால் 7-வது, 8-வது ஃப்ரெட் பக்கம் கால் மில்லிமீட்டர் இடைவெளி போதும். அதிகம் என்றால் கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியான டிரஸ் ராடைக் கடிகாரத் திசையில் கால் சுற்று. ஓர் இரவு விட்டு மறுபடி பாருங்கள். ஒரே மூச்சில் ஒரு சுற்றுத் திருகுகிறவர்களால்தான் ராடு முறிகிறது. நான்கு, இன்டொனேஷன். 12-வது ஃப்ரெட்டில் அழுத்திய சுரமும் அதே இடத்து ஹார்மோனிக்கும் ஒன்றாக வரும்வரை பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடிலை நகர்த்துங்கள். 'மிசிர்லூ' 12 வரை ஒரே கம்பியில் ஏறுவதால் இது தப்பாக இருந்தால் மேல் ஸ அபசுரமாகவே நிற்கும்.

12-வது ஃப்ரெட்டில் தடித்த ஈ-யின் உயரம் 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். தாழ்வாக வைத்தால் விரலுக்குச் சுகம், ஆனால் இந்த அடிக்குத் தாங்காது.

சுருதி மாறுவதற்கு ஊர்க் காற்றும் காரணம். வெயிலில் நிற்கும் வண்டியில் கிடந்த கிட்டாரை எடுத்த சூட்டோடு டியூன் செய்து வைத்தால், மார்கழி, தை மாதம் ஓசூர், தளி பக்கம் இரவு மேடையில் கம்பி குளிர்ந்து சுருங்கிச் சுருதி ஏறியிருக்கும். மேடைக்குக் கொண்டுவந்து அரை மணி நேரம் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு டியூன் செய்யுங்கள்.

ஸ்பிரிங்

கிட்டார், ஆம்ப் செய்யும் ஃபெண்டர் நிறுவனத்தின் தனி ரிவர்ப் பெட்டி வந்தது 1961-ல். அதே ஆண்டு வந்த 'லெட்ஸ் கோ டிரிப்பின்' கேட்டுப் பாருங்கள், நாம் சர்ஃப் என்றதும் நினைக்கும் அந்தச் சொட்டும் ரிவர்ப் அதில் இல்லை. இருந்தாலும் சர்ஃப்தான். ரிவர்ப் மூன்றாவது வேலை என்று சொன்னது இதனால்தான்.

அந்தப் பெட்டியில் மூன்று குமிழ்: டுவெல், மிக்சர், டோன். டுவெல் என்பது ஸ்பிரிங்கை எவ்வளவு பலமாக உதைக்கிறோம் என்பது. மிக்சர், ஸ்பிரிங் சத்தம் எவ்வளவு கலக்கிறது என்பது. அடைத்துத் தட்டிய ஒரு சுரத்துக்குப் பின்னால் தண்ணீர் சொட்டுவது போல வரும் சத்தம் டுவெலிலிருந்து வருகிறது, மிக்சரிலிருந்து இல்லை. ஸ்பிரிங்குக்குள் எல்லா அதிர்வெண்ணும் ஒரே வேகத்தில் போவதில்லை. முன்னும் பின்னுமாக வந்து சேர்வதால்தான் அந்த வழுக்கல். டுவெல் பாதிக்குச் சற்று மேல், மிக்சர் பாதி, டோன் பாதிக்கு மேல் என்று தொடங்குங்கள். மிக்சரை மட்டும் ஏற்றினால் கிட்டார் கிணற்றுக்குள் போய்விடும்.

வரிசை முக்கியம்: கிட்டார், ரிவர்ப், பிறகு ஆம்ப். ஆம்ப்புக்குள்ளேயே இருக்கும் ரிவர்ப் ப்ரீஆம்ப்புக்குப் பின்னால் வருகிறது, பெரும்பாலானவற்றில் டுவெல் குமிழும் இல்லை. அதனால் சொட்டு வராது. பெடல் வாங்குவதென்றால் ஸ்பிரிங் வகையும் டுவெல் குமிழும் இருக்கிறதா என்று பாருங்கள். ஹால், பிளேட் என்று மட்டும் இருப்பது பக்திப் பாடலுக்கு ஆகும், இதற்கு ஆகாது.

சொந்தமாகச் செய்துகொள்ள நினைப்பவர்களுக்கு: ஸ்பிரிங் இருக்கும் பெட்டியான டேங்கை ஆன்லைனில் வாங்கிவிட்டு மற்ற பாகங்களுக்கு பெங்களூர் எஸ்.பி. ரோடு போனால் போதும். டேங்கின் மேல் உள்ள எண்ணை வாசிக்கத் தெரியவேண்டும். 4ஏபி3சி1பி என்றால் 4 என்பது நீளமான டேங்க், முதல் எழுத்து ஏ என்பது 8 ஓம் இன்புட், பி என்பது 2250 ஓம் அவுட்புட், 3 என்பது நீண்ட நேரம் ஒலிப்பது, கடைசி பி என்பது திறந்த பக்கம் கீழே பார்த்துப் படுக்கையாகப் பொருத்தவேண்டும் என்பது. இது வால்வு ஆம்ப்புக்கும் அதன் டிரான்ஸ்ஃபார்மருக்குமானது. சாதாரண ஆப்-ஆம்ப் ஐசி வைத்த சர்க்யூட்டில் இதை மாட்டினால் ரிவர்ப் முனகலாகத்தான் வரும். 8 ஓம் காயிலுக்கு 28 மில்லிஆம்பியர் அளவு வேண்டும். டிஎல்072 போன்ற ஆப்-ஆம்ப் அதைக் கொடுக்காது. ஒன்று, எல்எம்386 போன்ற சிறிய பவர் ஐசியால் ஓட்டுங்கள். அல்லது இன்புட் 600 ஓம் உள்ள 4இபி வகை டேங்க் வாங்குங்கள். அதற்கு 3 மில்லிஆம்பியர் போதும். அவுட்புட் ஒயர் ஷீல்டு உள்ளதாக, குட்டையாக இருக்கவேண்டும். பவர் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து அவுட்புட் முனை எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஹம் (மின் இரைச்சல்) வந்தால் டேங்கைத் திருப்பி முனைகளை இடம் மாற்றிப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் பெட்டியை நேரே 230-ல் சொருகாதீர்கள். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்; ரிவர்ப் பெட்டிக்கு மட்டும் என்றால் 100 வி.ஏ. தாராளம்.

மேடையில்

திருவிழா மேடையில் சிங்கிள் காயில் பிக்கப் எல்லாக் குப்பையையும் இழுக்கும். சீரியல் செட், டிம்மர், ஜெனரேட்டர், பக்கத்தில் ஓடும் ஃபேன். மேடையில் நின்று மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஏதோ ஒரு திசையில் ஹம் பாதியாகக் குறையும், அந்தப் பக்கம் பார்த்து நில்லுங்கள். பிரிட்ஜ் பிக்கப் மட்டும் போட்டால் கூர்மை அதிகம். ஹம் தாங்கவில்லை என்றால் பிரிட்ஜும் நடுவும் சேர்ந்த இடத்துக்கு வாருங்கள். இப்போது வரும் ஸ்ட்ராட் வகைகள் பலவற்றில் நடு பிக்கப் எதிர்ச் சுற்று, அதனால் இரண்டும் சேரும்போது ஹம் கழிந்துவிடும். கிட்டார் கம்பியைத் தொட்டபடி மைக்கில் வாய் பட்டதும் சுரீரென்றால் எர்த் இல்லை என்று அர்த்தம். வாசிப்பதை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஹம் போகிறதென்று எர்த் பின்னை வெட்டிவிடும் வழக்கம் உயிருக்கு ஆபத்து.

மைக்செட்காரரிடம் இரண்டு கேள்வி. கிட்டார் சேனலில் கனத்த கீழ்ச் சத்தத்தை வெட்டும் லோ-கட் பட்டன் அழுந்தியிருக்கிறதா? சிறிய மிக்சர்களில் அது 75 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை எங்கேயாவது வெட்டும். திறந்த தடித்த ஈ 82 ஹெர்ட்ஸ். பாட்டின் அடித்தளமே அங்கேதான் இருக்கிறது. வெட்டினால் கொசு மாதிரி கேட்கும். டேல் 15 அங்குல ஜேபிஎல் ஸ்பீக்கரும் ஃபெண்டர் ஷோமேன் ஆம்ப்பும் கேட்டு வாங்கியது இந்தக் கனத்துக்காகத்தான். இரண்டாவது கேள்வி, பாடகருக்குப் போட்ட எக்கோ கிட்டார் சேனலிலும் இருக்கிறதா? இருந்தால் முழுக்க இறக்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங்குக்கு மேல் எக்கோ விழுந்தால் நொடிக்குப் பதினொரு தட்டும் சேர்ந்து கூழாகிவிடும்.

டிரம் இல்லாமல் எலக்ட்ரானிக் பேட் மட்டும் இருந்தால், டாம் சத்தத்தை எக்கோ இல்லாத சாதாரண கிட்டிலிருந்து எடுங்கள். சர்ஃப் பீட்டின் எலும்பு இதுதான்: கிக் 1-லும் 3-லும்; ஸ்நேர் 2-ல் ஒன்று, 2-க்கும் 3-க்கும் நடுவில் ஒன்று, 4-ல் ஒன்று. 'தும் தக தும் த'. பேஸ் விரலால் வேண்டாம், பிக்கால் அடிக்கட்டும்.

டிரம்பெட் இடத்தைக் கீபோர்டில் தள்ளிவிடலாம். ஆனால் கல்யாண பேண்டு செட்டில் வாசிக்கும் ஒருவரைக் கூட்டி வந்தால் பாட்டே மாறிவிடும். அவர் கருவி பி ஃப்ளாட். நம் ஈ அவருக்கு எஃப் ஷார்ப். அதில் இந்த ராகம் விரலுக்கு முரண்டு பிடிக்கும். கிட்டாரை அரைச் சுரம் இறக்கி ஈ ஃப்ளாட்டில், அதாவது மூன்று கட்டையிலிருந்து இரண்டரைக்கு, வைத்தால் அவருக்கு எஃப் ஆகிவிடும், வசதி. கம்பி தளர்வதால் அன்றைக்கு 12–52 செட். தடித்த கம்பி 78 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும் என்பதால் லோ-கட் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருக்கவேண்டும்.

தொகுப்பில் உள்ள வரிசையில் படிக்காதீர்கள். 'லெட்ஸ் கோ டிரிப்பின்' முதலில். பன்னிரண்டு பார் அமைப்பு, மூன்றே கார்டு, டிரம்மரும் பேஸும் சேர்ந்து பழக நல்லது. பீச் பாய்ஸ் 1963-ல் 'சர்ஃபின் யூ.எஸ்.ஏ.' ஆல்பத்தில் இதையும் 'மிசிர்லூ'வையும் வாசித்திருக்கிறார்கள். ஒரு தடவை ஒப்பிட்டுக் கேளுங்கள், டேலின் கை எங்கே வேறு என்று புரியும். அடுத்து 'தி வெட்ஜ்', பிறகு 'மிசிர்லூ', கடைசியில் 'ஹவா நகிலா'. 'மிஸ்டர் பெப்பர்மின்ட் மேன்' மாதிரி அவர் பாடிய பாட்டுகளைத் தாண்டிவிடலாம். கிட்டாரிஸ்டுக்கு அதில் வேலை குறைவு, குரலும் சாதாரணம். ஸ்டீவி ரே வானுடன் வாசித்த 'பைப்லைன்' 1980-களின் சத்தம், டிரம் பெரிய எதிரொலியோடு வரும். இரண்டு கிட்டாரிஸ்ட் உள்ள குழு பங்கு பிரித்து வாசிக்க நல்ல மாதிரி, ஆனால் டோனுக்கு அதைப் பார்க்காதீர்கள். அந்தப் பாட்டின் மூலம் 1962-ல் சாண்டேஸ் குழு பதிவு செய்தது. அதைத் தேடிக் கேளுங்கள்.

ரிவர்ப் பெட்டியை ஆம்ப் மேலோ பேஸ் ஸ்பீக்கர் மேலோ வைக்கவேண்டாம். ஸ்பிரிங் அதிர்வை வாங்கி ஊளையிடும். பலகை மேடையில் ஆட்கள் நடந்தாலே இடி மாதிரி கேட்கும், அதனால் கீழே இரண்டு அங்குல ஸ்பாஞ்ச். வண்டியில் ஏற்றும்போது டேங்கின் திறந்த பக்கத்தில் ஸ்பிரிங் மேல் படும்படி மெல்லிய ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றை வைத்து அட்டையால் மூடிக் கட்டுங்கள். தொப்பூர் கணவாய் வளைவில் ஆம்ப்போடு சேர்ந்து பெட்டி உருண்டால் முதலில் போவது ஸ்பிரிங் இல்லை, அதன் முனையில் இருக்கும் மயிரிழை போன்ற கம்பியும் குட்டிக் காந்தமும். அது அறுந்தால் ஒட்ட முடியாது, டேங்கையே மாற்றவேண்டும். மேடையில் ஏறியதும் ஸ்பாஞ்சை எடுக்க மறந்தால் ரிவர்ப் வராது. குமிழ்களைத் திருகுவதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.